பெருங்காய டப்பாவில் இருந்த கோதுமை

(பண்ணை வானொலி நிகழ்ச்சியில், கும்மிடிப்பூண்டி வட்டத்து விவசாயக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் பேசியது)

இந்த நேரத்தில் வழக்கமாக நெல்லுக்கு மேலுரம் எப்போது இடுவது, கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் என்ன செய்வது என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அடுப்பங்கரைச் சமாசாரம். அடுப்பங்கரைதானே என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள், அண்ணன்மாரே. இதிலும் நெல் வருகிறது, கேழ்வரகு வருகிறது, மாவு மில் வருகிறது. நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. தெரியாமல் செய்த தப்புதான். ஆனால் அனுபவித்தது நானில்லை, இன்னொரு வீட்டுப் பிள்ளை.

எங்களுக்குக் கவரைப்பேட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. ஏரியில் தண்ணீர் இருந்தால் இரண்டு போகம், இல்லாவிட்டால் ஒன்று. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, பிறகு தேர்வாய் கண்டிகையிலும் வந்து, கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கம்பெனிகளாக நிறைந்த பிறகு, நம் பக்கத்தில் பலர் செய்ததையே நாங்களும் செய்தோம். பழைய மாட்டுக் கொட்டகையை எடுத்துவிட்டு, வரிசையாக ஐந்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டோம். பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறிப் போகிற பிள்ளைகள் சமைக்க நேரமில்லாமல் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளுவதைப் பார்த்து, மாதக் கணக்கில் சாப்பாடும் நானே போட ஆரம்பித்தேன். இப்போது பன்னிரண்டு பேர் சாப்பிடுகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மீரட் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்துமூன்று வயது. அப்பா கோதுமையும் கரும்பும் பயிரிடுகிறவர். வந்த முதல் நாளே கைகூப்பி, "அம்மா, கேஹூன் நஹி. ஆட்டா, மைதா, சூஜி எதுவும் வேணாம். சாதம் மட்டும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாம் சப்பாத்தி, சப்பாத்தி என்று என் உயிரை எடுக்கும்போது, கோதுமை விளைகிற வீட்டுப் பையன் கோதுமை வேண்டாம் என்கிறானே! எங்கள் வீட்டுக்காரர்கூட, "இவன் நம்ம ஊர்ல பொறக்க வேண்டியவன்" என்று கேலி செய்தார்.

அவன் சிரிக்கவில்லை. தனக்குச் சீலியாக் என்று ஒரு நோய் இருப்பதாகவும், கோதுமை துளி பட்டாலும் ஆகாது என்றும், செல்போனில் தமிழாக்கி எழுதிக் காட்டினான். நான் ஏதோ சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். சப்பாத்தி போடாமல் விட்டால் சரி என்று இருந்துவிட்டேன். அங்கேதான் பிசகு.

இந்த நோயைப் பற்றிப் பிற்பாடு டாக்டர் எனக்குச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோதுமையிலும் பார்லியிலும், சீமையில் விளைகிற ரை என்ற தானியத்திலும் குளுட்டன் என்று ஒரு புரதச் சத்து இருக்கிறது. மாவைப் பிசையும்போது ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அது இதனால்தான். பரோட்டாவை வீசி வீசி விசிறி மாதிரி ஆக்க முடிவதும் இதனால்தான். நமக்கெல்லாம் அது சும்மா உணவு. ஆனால் பிறவியிலேயே அதற்கான கூறு உள்ள சிலருக்கு, இந்தக் குளுட்டன் உள்ளே போனால் உடம்பின் காவல் சக்தி அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்பும். அடி விழுவது எதிரிக்கு இல்லை, சொந்தச் சிறுகுடலுக்கு.

நெல் நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். அடியில் மயிர் மயிராகச் சல்லி வேர் இருக்கும். அதுதான் சத்தை உறிஞ்சுவது. அதே மாதிரி நம் சிறுகுடலின் உள்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத பொடி விரல்கள் கோடிக் கணக்கில் இருக்கின்றனவாம். இந்த நோயில் அந்த விரல்கள் தேய்ந்து மொட்டையாகிவிடும். சல்லி வேர் கருகின பயிருக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டும் என்ன புண்ணியம்? இலை வெளுத்துக்கொண்டுதான் போகும். அப்படித்தான் இவர்களுக்கும். நன்றாகச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரத்தசோகை, எலும்புத் தேய்வு, பிள்ளைகளாக இருந்தால் வளர்த்தி இல்லாமை, இப்படி ஆளுக்கொரு விதமாகக் காட்டும். சிலருக்கு ஒன்றும் வெளியே தெரியாமலே குடல் கெட்டுக்கொண்டிருக்கும்.

இதைக் குணமாக்க மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளுட்டன் இல்லாமல் சாப்பிடுவதுதான் வைத்தியம். இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு பஞ்ச காலத்துக் கதை. ஹாலந்து தேசத்தில் டிக்கே என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணமோ என்று அவருக்கு முன்பிருந்தே ஒரு சந்தேகம். இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் ரொட்டிக்கே வழியில்லை. ஜனங்கள் பூச்செடிக் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஊரெல்லாம் பட்டினியில் வாட, இந்த நோய்க்காரப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். திரும்ப ரொட்டி வந்தது, நோயும் திரும்ப வந்தது. 1950இல் அவர் இதை ஆராய்ச்சி நூலாகவே எழுதிக் கொடுத்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பையன் வந்து பத்து நாளிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான். வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது, ஓயாத போக்கு, கை கால் அசதி. தண்ணீர் மாறினதால் என்றோம். இரண்டு நாளில் எழுந்து வேலைக்குப் போனான். அடுத்த வாரம் மறுபடியும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி வேறு, "இன்னொரு தரம் லீவு போட்டா வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இளைத்துவிட்டான். வெளியே எங்கேயாவது தின்கிறாயா என்று நான் அவனைத்தான் திட்டினேன். "சத்தியமா இல்லம்மா" என்று அழுகிற மாதிரி சொன்னான். என் மாமியார், திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசைக்கு வெல்லம் கரைப்பதாக அவனுக்காக வேண்டிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வயிற்றுக்கு நல்லது என்று, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, பெருங்காயத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டு, அவனுக்கென்று தனியாக ரசம் வைத்துக் கொடுத்தேன். மோரிலும் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். பாவம், இரண்டு வேளையும் மிச்சம் வைக்காமல் குடித்தான். நம்முடைய பாட்டி காலத்திலிருந்து வருகிற கைவைத்தியம் அது. அன்று ராத்திரிதான் அவனுக்கு ரொம்ப முடியாமல் போய், எங்கள் வீட்டுக்காரர் அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்.

சலைன் ஏற்றி அனுப்பினார்கள். பிறகு சென்னையில் குடல் நோய் டாக்டர் ஒருவரிடம் நானும் கூடப் போனேன். அவர் அவனுடைய டெல்லி ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் தெரியாம எங்கேயோ கோதுமை சாப்பிடறான். உங்க சமையலறையில் இருக்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துப் படிச்சுப் பாருங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் அடுக்களையில் கோதுமை எது என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து டப்பா டப்பாவாக வெளியே எடுத்து வைத்தேன். பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தவன், "அம்மா! இது ஹீங்!" என்று கத்தினான். ஊரில் அவன் அம்மாவுக்கு டாக்டர்கள் முதலிலேயே சொல்லியிருந்தார்களாம், ஹீங்கில் கோதுமை கலந்திருக்கும், ஜாக்கிரதை என்று. அவன் ஆட்டா இருக்கிறதா, மைதா இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். நான் இல்லை என்று உள்ளதைத்தான் சொன்னேன். பெருங்காயம் என்கிற வார்த்தை அவனுக்குத் தெரியாது. ஹீங் என்கிற வார்த்தை எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் மணம் தெரியவில்லையா என்று கேட்டேன். "உங்க சாம்பார்ல எல்லாமே எனக்குப் புது மணம்தாம்மா. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்றான்.

டப்பாவின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. கோதுமை மாவு, கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசின், அப்புறம்தான் பெருங்காயம்.

இது ஏமாற்று இல்லை, தாய்மார்களே. பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் வளர்கிற ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கிற பால். அசல் பாலில் கடுகளவு போட்டாலே பண்டத்தை வாயில் வைக்க முடியாது. அதனால் மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். நம் நாட்டில் இந்தச் செடியையே யாரும் பயிரிடாமல் காலம் காலமாக இறக்குமதிதான். இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் முதல் நாற்றை நட்டார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லாப் பெருங்காயத்திலும் கோதுமைதான் என்று நினைக்க வேண்டாம். அரிசி மாவு சேர்த்ததும் கடையில் கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கட்டியாக இருக்கிறதே, இது சுத்தமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கட்டியிலும் மாவு உண்டு.

ஒரு கரண்டிப் பெருங்காயத்தில் அப்படி என்ன கோதுமை வந்துவிடும் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். இத்தாலியில் இந்த நோயாளிகளுக்குத் தினம் 50 மில்லிகிராம் குளுட்டன் கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். குடல் விரல்கள் தேய ஆரம்பித்துவிட்டன. 2007இல் வந்த ஆராய்ச்சி. நம் பக்கத்துக் குந்துமணி ஒன்றின் எடை சுமார் 120 மில்லிகிராம். அதில் பாதிகூட இல்லை அந்த 50. அரை கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய அவ்வளவு குளுட்டன் இருந்துவிடும். நான் காலையில் சாம்பாருக்கு, மதியம் ரசத்துக்கு, மோருக்கு, ஊறுகாய்க்கு என்று நாள் முழுக்கப் போட்டது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வைத்த ரசத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெருங்காயத்தை மாற்றினோம். பையன் தேறினான். மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தபோது மறுபடியும் ஒரு நாள் படுத்தான். முதல் நாள் ராத்திரி போட்டது கேழ்வரகு அடை. எங்கள் மேட்டு நிலத்தில் விளைந்த கேழ்வரகு. அதில் குளுட்டன் என்பதே கிடையாது. இந்த முறை எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. மில்லுக்குப் போய்க் கேட்டேன். மில்லுக்காரர் யோசித்துவிட்டு, "உங்களுக்கு முன்னாடி ரேஷன் கோதுமை அஞ்சு கிலோ அரைச்சேன்க்கா" என்றார்.

மில்லில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். முன்னால் அரைத்தவருடைய மாவு கல்லிடுக்கில், குழாயில், துணிப்பையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகாய் அரைத்த பிறகு அரிசி அரைத்தால் மாவு சிவந்து காரமாக வருவதில்லையா? கோதுமை வெள்ளையாக இருப்பதால் தெரிவதில்லை, அதுதான் வித்தியாசம். காலையில் முதல் ஆளாகப் போனால் போதுமா, ஒரு படி அரிசியைப் போட்டுக் கழுவி விட்டால் போதுமா என்று கேட்டேன். குறையும், அடியோடு போகாது என்றார் டாக்டர். ஆகவே பரணில் கிடந்த மாமியாரின் ஏந்திரக் கல்லை இறக்கிக் கழுவிப் போட்டேன். அதில் கேழ்வரகும் அரிசியும் மட்டும்தான். அவசரத்துக்கு மிக்சி. அவனுக்கென்று தனி ஜாடி, தனிச் சல்லடை.

அப்புறம்தான் அடுக்களை முழுவதும் என் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவேன். மைதா போண்டா பொரித்த எண்ணெயிலேயே அப்பளம் பொரிப்பேன். பூரி மாவு தட்டின பலகையிலேயே காய் நறுக்குவேன். சப்பாத்தி எடுத்த கையோடு சோற்றுக் கரண்டியைப் பிடிப்பேன். அவனுக்குத் தோசைக்கல் தனியாக வாங்கினேன். கரண்டிக் காம்பில் சிவப்புத் துணி கட்டினேன். முதலில் அவனுக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு, அப்புறம்தான் கோதுமை மாவு டின்னைத் திறப்பது. மாவு காற்றில் பறந்து உட்காரும் என்பது களத்தில் தூற்றின நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா?

வெளியே போனால் இன்னும் கஷ்டம். ரவா உப்புமா, ரவா தோசை, சேமியா பாயசம், கேசரி எல்லாம் கோதுமைதான். ரவை வேறு, கோதுமை வேறு என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். படித்தவர்களிலும் இருக்கிறார்கள். அல்வா சம்பா கோதுமைப் பாலில் கிண்டுவது. ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லில்தான் முட்டை தோசையும். பாக்கெட் சத்துபானங்களில் மால்ட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது பார்லி. சீனச் சாப்பாட்டுக்கு ஊற்றுகிற சோயா சாஸில் கோதுமை இருக்கும். மாத்திரை சிலவற்றில்கூடக் கோதுமை ஸ்டார்ச் சேர்ப்பதுண்டாம். அதனால் மருந்துக் கடையில் இந்த நோயைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? இதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பேதிக்குக் கொடுத்து வயிற்றைக் கழுவுகிறேன் என்று கிளம்பாதீர்கள். உள்ளே போன குளுட்டனை முறிக்க மருந்து எதுவும் இல்லை. சிலருக்குச் சில மணி நேரத்தில் தொல்லை ஆரம்பிக்கும், சிலருக்கு மறுநாள், இரண்டு நாள் கழித்தும் வரும். செய்ய வேண்டியது, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது. சுகாதார நிலையத்தில் கொடுக்கிற உப்பு சர்க்கரைப் பொட்டலம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பட்டினி போட வேண்டாம். குழைந்த சோறு, அரிசிக் கஞ்சி கொடுக்கலாம். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, தலை சுற்றுகிறது, மலத்தில் இரத்தம் வருகிறது என்றால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். உடம்பு சரியானதும் அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். நாங்கள் மில்லைப் பிடித்தது அப்படித்தான்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "தினம் ஒரு வாய் சப்பாத்தி குடுத்துப் பழக்கிடுங்க, தானா சரியாயிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இது பழக்கினால் போகிற நோய் இல்லை. "போன தடவை பிஸ்கட் தின்னான், ஒண்ணும் ஆகலையே" என்பதும் தப்பு. வலி வராமலே உள்ளே குடல் தேயும். ஒரு தடவை தெரியாமல் சாப்பிட்டதால் உயிர் போய்விடாது, பயப்பட வேண்டாம். அது வாடிக்கையாகப் போய்விட்டால்தான் இரத்தமும் எலும்பும் கரைவது.

இது வடக்கத்தி ஆட்கள் நோய், நமக்கென்ன என்று யாராவது நினைக்கலாம். 2016இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பக்கத்திலும் 23,331 பேருக்குப் பரிசோதனை செய்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு இந்த நோய். நம் தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர். அப்பாடா என்று மூச்சு விடுகிறீர்களா? இன்னொன்றையும் பார்த்தார்கள். இந்த நோய் வருவதற்கான பிறவிக் கூறு வடக்கே நூற்றுக்கு 38 பேருக்கு இருந்தது. தெற்கே 36 பேருக்கு. பெரிய வித்தியாசமே இல்லை! வித்தியாசம் எதில் என்றால், அங்கே ஓர் ஆள் தினம் தின்கிற கோதுமை 455 கிராம், இங்கே 25 கிராம். கூறு இருக்கிற எல்லோருக்கும் நோய் வராது, மிகச் சிலருக்குத்தான் வரும். ஆனால் நம் சாப்பாடு மாறிக்கொண்டு வருகிறதே. ராத்திரிக்குச் சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா, பிள்ளைகள் பையில் பிஸ்கட், நூடுல்ஸ். இருபத்தைந்து கிராம் இருபத்தைந்தாகவே நிற்கும் என்று நினைக்கிறீர்களா?

அதற்காகக் கோதுமையைக் கண்டு ஓட வேண்டாம். சர்க்கரை வியாதிக்காகச் சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். குளுட்டன் எல்லோருக்கும் விஷம் என்று சொல்லி மாவு விற்கிறவர்கள் பேச்சு வியாபாரப் பேச்சு. ஆனால் இரும்புச் சத்து மாத்திரை மாதக் கணக்கில் கொடுத்தும் இரத்தம் ஏறாத பிள்ளை, வயது ஏறியும் உயரம் ஏறாத பிள்ளை, பூச்சி மருந்து கொடுத்தும் போக்கு நிற்காத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் இந்த நோயின் பேரையும் சொல்லிக் கேளுங்கள். முதலில் இரத்தப் பரிசோதனை. சந்தேகம் இருந்தால் வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு எச்சரிக்கை. பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். நோய் உள்ளவரின் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கும் பார்த்துக்கொள்வது நல்லது.

அண்ணன்மாருக்கு ஒரு விஷயம். நெல், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, இவை ஒன்றிலும் குளுட்டன் இல்லை. இந்த நோயாளிகள் தேடி வாங்குவது நாம் விளைவிப்பதைத்தான். சுயஉதவிக் குழுக்களில் சிறுதானிய மாவு தயாரித்து விற்கிறோம். அந்தப் பொட்டலத்தில் குளுட்டன் இல்லாதது என்று போட ஆசைப்பட்டால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். கோதுமை அரைக்கிற மில்லிலேயே அரைத்துவிட்டு அப்படி அச்சடித்தால், அதை நம்பி வாங்குகிற ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை படுக்கும். தனி இயந்திரம் போட வசதியில்லாத குழு, அந்த வார்த்தையைப் போடாமலே விற்கலாம். கேழ்வரகு மாவு என்று மட்டும் போட்டாலும் விற்கத்தான் செய்கிறது.

பையன் இன்னும் எங்கள் வரிசையில் மூன்றாவது அறையில்தான் இருக்கிறான். இளைத்த ஆறு கிலோவும் திரும்பிவிட்டது. கடைக்குப் போனால் இப்போது எனக்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பவன் அவன்தான், அதுவும் தமிழில் எழுத்துக் கூட்டி. போன தை மாதம் அவன் அப்பா ரயிலேறி வந்தார். பிள்ளையின் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக்காரரோடு வயலுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். பாஷை தெரியாமல் இரண்டு பேரும் என்ன பேசினார்களோ. ஊருக்குக் கிளம்பும்போது, திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகமான டி.கே.எம். 9 சிவப்பரிசி ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தோம். அவர் வரும்போதே எங்களுக்கென்று தன் வயலில் விளைந்த கோதுமை பத்துக் கிலோ கொண்டு வந்திருந்தார். தன் பிள்ளை தின்ன முடியாத கோதுமை. நல்ல மணியான கோதுமை.

அதை வெளித்திண்ணையில் தனி டின்னில் வைத்தேன். அரைக்கப் போனபோது, "இது கோதுமை. அடுத்து வர்றவங்க கேட்டா சொல்லிடுங்க" என்று மில்லுக்காரரிடம் சொன்னேன். அவர் கரித்துண்டை எடுத்துக் கதவில் 'கோதுமை' என்று எழுதினார். இப்போது தினம் எழுதுகிறார்.